ஒரு குவார்ட் தண்ணீர்

டயாலிசிஸ் சென்டரில் கட்டிலில் படுப்பதற்கு முன்னால் எடை பார்ப்பார்கள். எடை மெஷின் வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எல்லாக் கட்டில்களிலிருந்தும் அது தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றால் டெக்னீஷியன் பெண் எண்ணைச் சத்தமாகப் படிப்பாள். உள்ளே மேசையில் இருக்கும் இன்னொருத்தி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். போன தடவை எழுந்து போனபோது இருந்த எடைக்கும் இப்போதைய எடைக்கும் உள்ள வித்தியாசம், அநேகமாக இடையில் நான் குடித்த தண்ணீர்தான். சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்ட உடம்பில் குடித்தது வெளியே போக வழியில்லை. காலில் வீங்கும், மூச்சை அடைக்கும், கடைசியில் மெஷின்தான் அதை உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒரேயடியாக நிறைய எடுத்தால் கெண்டைக்கால் நரம்பு இழுத்துக்கொள்ளும். அந்த வலியில் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கேட்காமல் முனக நான் பழகியிருக்கிறேன்.

வாரத்தில் மூன்று நாள் போகிறேன். சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் நடுவில்தான் இடைவெளி அதிகம். ஆகவே செவ்வாய்க்கிழமை எடைதான் எப்போதும் அதிகமாகக் காட்டும்.

"அங்கிள், மூணு கிலோ மேல ஏறியிருக்கு," என்றாள் டெக்னீஷியன் பெண், இதெல்லாம் ஆரம்பித்த அந்தச் செவ்வாய்க்கிழமை. கோலார் பக்கத்துப் பெண். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவாள். "டாக்டர் ரெண்டரைக்கு மேல வேணாம்னாங்க இல்ல? சண்டே எங்கயாவது கல்யாண ஊட்டா சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா. வீட்லதான் இருந்தேன்."

"அப்ப தண்ணிதான் ஜாஸ்தி ஆயிருக்கு. ஸ்வல்ப கண்ட்ரோல் பண்ணுங்க அங்கிள்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் கட்டில்களில் படுத்திருந்தவர்கள் எல்லோரும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு அறுபத்து மூன்று வயது. ஒரு கல்லூரி அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் சர்ச் பாடகர் குழுவில் கனத்த குரலுக்கு என்னைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். தண்ணீர் குடித்ததற்காக, அதுவும் குடிக்காத தண்ணீருக்காக, நான்கு பேர் நடுவில் தலைகுனிய வேண்டி வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஏனென்றால் என் தண்ணீரை நான் அளந்துதான் குடித்தேன். சரியாகச் சொன்னால், என் மனைவி அளந்துதான் கொடுத்தாள்.

டயாலிசிஸ் தொடங்கியபோது டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "ஒரு நாளைக்கு ஒரு லிட்டர். காப்பி, ரசம், மோர், மாத்திரைக்குக் குடிக்கிற தண்ணி, எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர். அதுக்கு மேல ஒரு வாய் கூட வேணாம்." என் மனைவி சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள். ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுத்தால் அப்படியே பிடித்துக்கொள்வாள். வீட்டுக்கு வந்ததும் அளக்க ஒரு பாத்திரம் தேடினாள். டம்ளர்கள் ஒவ்வொன்றும் ஒரு அளவு. பிளாஸ்டிக் பாட்டிலில் நாளெல்லாம் தண்ணீர் வைக்க அவளுக்கு மனமில்லை. கடைசியில் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு கண்ணாடி ஜக்கை இறக்கினாள்.

அது அவளுடைய அப்பா கண்டோன்மென்ட் பக்கம் ஏலத்தில் எடுத்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஊரைவிட்டுப் போனபோது விற்றுவிட்டுப் போன சாமான்களில் ஒன்று என்று சொல்வார்கள். கனமான கண்ணாடி. பக்கவாட்டில் கோடுகள் புடைத்துக்கொண்டிருக்கும். மேல்கோட்டுக்குப் பக்கத்தில் 'குவார்ட்', அதற்குப் பாதியில் 'பைன்ட்' என்று ஆங்கிலத்தில் எழுத்துகள். மில்லி கணக்கு எதுவும் அதில் இல்லை. நாங்கள் இருக்கும் ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்களைப் போன்ற பழைய குடும்பங்களில் இப்படிப்பட்ட ஜக்குகள் இன்னும் கிடக்கின்றன. கிறிஸ்துமஸ் சமயத்தில் கஸ்டர்ட் ஊற்ற வெளியே வரும், மற்ற நாளில் அலமாரிதான்.

"குவார்ட்னா எவ்வளவுங்க?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் எங்கள் காலத்திலேயே லிட்டர் வந்துவிட்டது. எங்கள் ஒரே மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே இதெல்லாம் அன்றாடப் புழக்கம் என்று அவளிடம் போனில் கேட்டோம்.

"மம்மி, இங்க பாலே குவார்ட் கணக்குலதான் வாங்கறோம்," என்றாள். "ஒரு குவார்ட் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி. தொள்ளாயிரத்து நாப்பத்தாறு மில்லி. அந்தக் கோடு வரைக்கும் ஊத்தினா டாடிக்கு ஒரு லிட்டர் தாண்டாது. அம்பது மில்லி கிட்ட மிச்சமும் இருக்கும்."

அந்த மிச்ச ஐம்பதை மாத்திரைக்கு என்று என் மனைவி ஒதுக்கினாள். அன்றிலிருந்து தினமும் காலையில் கேன் தண்ணீரைக் குவார்ட் கோடு வரை ஊற்றி, மூடி போட்டு, சாப்பாட்டு மேசையில் வைத்துவிடுவாள். நான் காப்பி குடித்தால், அந்த அளவைக் கழிக்க அதே டம்ளரால் ஒரு டம்ளர் தண்ணீரை ஜக்கிலிருந்து எடுத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவாள். ரசம் ஊற்றிக்கொண்டால் அதற்கும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் திருவிருந்தில் ஒரு வாய் திராட்சரசம் கொடுப்பார்களே, வீட்டுக்கு வந்ததும் அதற்கும் ஒரு ஸ்பூன் எடுத்துச் செடிக்கு ஊற்றினாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இவ்வளவு கணக்காக இருந்தும் செவ்வாய்க்கிழமைதோறும் எடை ஏறியது. மூன்று கிலோ. அடுத்த வாரம் அதற்கும் மேல். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வயதில் என் மகளைவிட இரண்டு மூன்று வருஷம்தான் மூத்தவர்.

"சார், எல்லா பேஷன்டும் செய்யறதுதான். தாகம் அப்படி. எங்கிட்ட உண்மையச் சொல்லுங்க, நான் திட்ட மாட்டேன்."

"டாக்டர், நான் ஒரு சொட்டு கூட அதிகமா குடிக்கல."

அவர் தலையை ஆட்டினார். நம்பாதவர்கள் மரியாதைக்கு ஆட்டுகிற மாதிரி. பிறகு என் மனைவியை உள்ளே கூப்பிட்டு, "வீட்ல கொஞ்சம் கவனிச்சுக்கோங்க மேடம்," என்றார்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாம் மாறிவிட்டது. என் மனைவி வாய்திறந்து எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஃபிரிட்ஜில் இருந்த தண்ணீர் பாட்டில்கள் காணாமல் போயின. தண்ணீர்க் கேன் சாப்பாட்டு அறையிலிருந்து சமையலறையின் உள்மூலைக்குப் போனது. நான் பல் துலக்கப் போனால் குளியலறைக் கதவுக்கு வெளியே துணி மடிக்கிற சாக்கில் நிற்பாள். குழாய்ச் சத்தம் கொஞ்சம் நீண்டால், "என்னங்க, ஆச்சா?" என்று குரல் வரும். முப்பத்தைந்து வருஷமாக என்னிடம் மரியாதையாகப் பேசுகிறவள். இப்போதும் அதே மரியாதைதான். அதுதான் என்னைக் கூனிக் குறுக வைத்தது.

உண்மையில் எனக்கு என் மேலேயே நம்பிக்கை குறைந்துகொண்டு வந்தது. தாகம் என்பதை நான் முன்பு அறிந்ததே இல்லை. வெயிலில் நடந்துவிட்டு வந்து ஒரு சொம்பு குடித்தால் தீர்வதை நாம் தாகம் என்கிறோம். இது வேறு. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கேனைச் சாய்க்கும்போது உள்ளே காற்று குமிழியிட்டு ஏறுகிற சத்தம் கேட்டால் மற்ற வேலை ஓடாது. வாஷ்பேசினில் குழாயைத் திறந்து, குளிர்ந்த தண்ணீர் மணிக்கட்டில் ஓடும்படி கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். வாய் கொப்பளித்துத் துப்புவேன். துப்பிய பிறகு யோசிப்பேன்: எல்லாவற்றையும் துப்பினேனா? கொஞ்சம் உள்ளே போயிருக்குமோ? போகட்டும் என்று நானே விட்டேனோ? கனவில் பார்க் பக்கத்துக் கடையில் நின்று பாட்டில் பாட்டிலாகக் குடித்துக்கொண்டிருப்பேன். எழுந்ததும் குற்றவாளி மாதிரி மனைவி பக்கம் திரும்பிப் பார்ப்பேன்.

ஒரு திங்கட்கிழமை மாலை எங்கள் போதகர் வீட்டுக்கு வந்தார். என் மனைவிதான் வரச் சொல்லியிருந்தாள் என்று அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. இளைஞர், நல்ல மனிதர். வெயில் நேரம், என் மனைவி அவருக்கு எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடாமல் என்னைப் பார்த்துவிட்டு, "வேணாம்மா, இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்," என்றார். பொய். நெற்றியில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது.

பாடகர் குழுவைப் பற்றி, ஈஸ்டர் பாட்டுகளைப் பற்றி எல்லாம் பேசினார். கிளம்புவதற்கு முன் ஜெபம் செய்யக் கண்ணை மூடினோம். என் உடல்நிலைக்காக, டாக்டர்களுக்காக, மகளுக்காக ஜெபித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆண்டவரே, உம்முடைய பிள்ளைக்கு இச்சையடக்கத்தைத் தாரும்," என்றார்.

இச்சையடக்கம். வாலிபப் பையன்களுக்கும் குடிகாரர்களுக்கும் ஜெபிக்கிற சொல். நான் கண்ணைத் திறந்துவிட்டேன். என் மனைவி கண்ணை இறுக்கி மூடியிருந்தாள், கன்னம் நனைந்திருந்தது. மேசையில் எலுமிச்சை ஜூஸ் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்த்து, கீழே வளையமாக ஈரம் கட்டியிருந்தது. ஜெபம் முடிகிறவரை நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போதகர் போனதும் என் மனைவி டம்ளரை எடுத்துக்கொண்டு போய் ஜூஸை சிங்க்கில் கொட்டினாள். திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏன் அவர்கிட்ட போய் சொன்ன?" என்றேன்.

"வேற யார்கிட்ட சொல்றது? நீங்க எங்கிட்ட சொல்ல மாட்டேங்கறீங்க." மேசையில் இருந்த ஈர வளையத்தை உள்ளங்கையால் துடைத்தாள். "குடிச்சா குடிச்சேன்னு சொல்லுங்களேன். நான் என்ன உங்கள அடிக்கப் போறனா? மறைக்கறீங்க பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல."

அவள் இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்காமல் இருந்தது கண்ணுக்குக் கீழே தெரிந்தது. இல்லை என்று எத்தனை தடவை சொல்வது? சொல்லச் சொல்ல நான் பெரிய பொய்யனாகத்தான் ஆகிக்கொண்டிருந்தேன். மூன்று கிலோவை மெஷின் காட்டுகிறது. மெஷின் பொய் சொல்லுமா?

"ஆமா," என்றேன். "குடிச்சேன்."

அவள் முகம் அப்படியே இளகிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எப்ப?" என்று கேட்டாள். "பாத்ரூம்ல," என்றேன். "பல்லு வெளக்கும்போது." எவ்வளவு என்று கேட்டாள். அரை டம்ளர் இருக்கும் என்றேன். பொய் சொல்வது இவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்குத் தெரியாது. இனிமேல் இல்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அன்று ராத்திரி அவள் நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் எடை மெஷினில் ஏறினேன். மூன்று கிலோவுக்கு மேல். அது நியாயம்தான், முந்தின நாட்களின் பாவத்துக்கு என்று அவள் எடுத்துக்கொண்டாள். அதற்கடுத்த செவ்வாயும் அதே எடைதான் வந்தது. இப்போது நான் வெறுமனே குடிக்கிறவன் இல்லை, சத்தியம் பண்ணிவிட்டுக் குடிக்கிறவன். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் வெளிப்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டு, "உங்க இஷ்டங்க," என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரம் சனிக்கிழமை, சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்குக் கஸ்டர்ட் செய்து தருவதாக அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். டயாலிசிஸ் முடிந்து வந்து நான் கூடத்துச் சாய்வு நாற்காலியில் கிடந்தேன். அங்கிருந்து சமையலறை மேடை தெரியும். பெரிய பாத்திரங்களெல்லாம் அடுப்பில் இருந்தன போல. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த ஜக்கை எடுத்து, அரை லிட்டர் பால் பாக்கெட் இரண்டைக் கத்தரித்து அதில் ஊற்றினாள்.

ஊற்றிவிட்டு அப்படியே நின்றாள். ஜக்கைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். பால் பாக்கெட்டுகளை எடுத்து அதில் எழுதியிருந்ததை ஜன்னல் வெளிச்சத்தில் படித்தாள். கடைசிச் சொட்டும் விழும்படி இரண்டு பாக்கெட்டுகளையும் பிழிந்துவிட்டாள். வெள்ளைப் பால் குவார்ட் கோட்டுக்கு ஒரு விரல் அகலம் கீழேயே நின்றது. எனக்கே நாற்காலியிலிருந்து தெரிந்தது.

ஒரு லிட்டரைவிடக் குறைவு என்று நாங்கள் நம்பியிருந்த கோட்டை ஒரு லிட்டர் பால் எட்டவில்லை.

அவள் பாலை வேறு பாத்திரத்துக்கு மாற்றினாள். ஜக்கைக் கழுவினாள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தேடி எடுத்து, நிரப்பி, மறுபடி ஜக்கில் ஊற்றிப் பார்த்தாள். அதே இடம். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மேடையில் சாய்ந்து நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்குகிறேன் என்று அவள் நினைக்கட்டும் என்றுதான் மூடினேன்.

மறுநாள் காலை மேசையில் ஜக் இருந்தது. அதைச் சுற்றி, என் கையில் ஊசி குத்திய இடத்தில் ஒட்டுகிற வெள்ளை பிளாஸ்திரி ஒரு மெல்லிய பட்டையாக ஒட்டியிருந்தது, பழைய கோட்டுக்கு ஒரு விரல் கீழே. தண்ணீர் பிளாஸ்திரி வரைதான் இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கேட்டிருந்தால், "அப்ப ஏன் குடிச்சேன்னு சொன்னீங்க?" என்று அவள் கேட்பாள். அந்தக் கேள்வியை நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். பாத்ரூம் வாசலில் நின்றதையும் போதகரைக் கூப்பிட்டதையும் அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்? இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, அந்தப் பிளாஸ்திரியைப் பார்க்காமல் இட்லி சாப்பிட்டோம்.

அந்தச் செவ்வாய் எடை குறைந்திருந்தது. அடுத்த செவ்வாய் இன்னும் நன்றாக இருந்தது, ரெண்டரைக்கு உள்ளே.

"சூப்பர் அங்கிள்," என்றாள் டெக்னீஷியன் பெண். கட்டில்களைப் பார்த்து, "நோடி, பாருங்க, அங்கிள் எப்படிக் கண்ட்ரோல் பண்ணியிருக்காங்க. எல்லாரும் கத்துக்கோங்க," என்றாள். ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவர், என்னைவிட அதிகமாக எடை ஏறி எப்போதும் திட்டு வாங்குகிறவர், படுத்தபடியே கையைத் தூக்கி எனக்கு ஒரு சல்யூட் வைத்தார். நான் சிரித்துத் தொலைத்தேன். திட்டு வாங்கியபோது வந்த வெட்கம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டேன். இப்போது இல்லாத மனஉறுதிக்குப் பாராட்டு வாங்குகிறேன். இரண்டு நேரமும் என் மனைவி வாசலில் கைப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மகள் வீடியோ கால் செய்தாள். அங்கே காலை. அம்மா வாரா வாரம் எடையை அவளுக்கு மெசேஜில் அனுப்புவது வழக்கம்.

"டாடி, பாத்தீங்களா, நிறுத்தினதும் எப்படிக் கொறஞ்சிடுச்சு," என்றாள். "உங்களால முடியும்னு எனக்குத் தெரியும். மம்மி பாவம், உங்கள நெனச்சு எவ்வளவு அழுதிருக்காங்க தெரியுமா? இனிமே இந்த மாதிரி பண்ணாதீங்க, ப்ராமிஸ்?"

நான் "சரிம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் மனைவி போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"டாடிய ஒண்ணும் சொல்லாத," என்றாள். "தப்பு அந்த ஜக்குதான்."

"என்ன மம்மி?"

"அந்தக் கோடு வரைக்கும் ஒரு லிட்டருக்கு மேல பிடிக்குது. நான் ஊத்திப் பாத்தேன். ரெண்டு தடவ பாத்தேன். இத்தன நாளா நான்தான் டாடிக்கு அதிகமா குடுத்திருக்கேன்."

மகள் போனிலேயே எதையோ தேடினாள். திரையில் அவள் நெற்றி மட்டும் தெரிந்தது. அவள் படிக்கப் படிக்கக் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. அமெரிக்கக் குவார்ட் வேறு, இங்கிலாந்துக் குவார்ட் வேறாம். அவர்களுடையது பெரியது, ஆயிரத்து நூற்று முப்பத்தாறு மில்லி. மாத்திரைக்கு என்று ஒதுக்கிய ஐம்பதையும் சேர்த்தால், தினமும் கிட்டத்தட்ட இருநூறு மில்லி எனக்கு அதிகமாகப் போயிருக்கிறது. சனிக்கிழமையிலிருந்து செவ்வாய்க்குள் அரைக் கிலோ.

"ஜக்கு எந்த ஊர்துன்னு நான் கேக்கவே இல்லையே," என்றாள் மகள். "இங்க இருக்கற நெனப்புலயே சொல்லிட்டேன். ஸாரி மம்மி. ஸாரி டாடி." அழ ஆரம்பித்துவிட்டாள். எங்கள் இருவருக்கும் அவளைத் தேற்றவே நேரம் சரியாக இருந்தது. அது ஒருவகையில் வசதியாகவும் இருந்தது.

போனை வைத்த பிறகு என் மனைவி சோபாவின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குப் போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமையே தெரியும்," என்றாள்.

"எனக்கும் தெரியும். நீ பால் ஊத்தறப்ப பாத்தேன்."

அவள் சட்டென்று என்னைப் பார்த்தாள். நான் எதிர்பார்த்த கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வந்தது.

"அப்ப நீங்க குடிக்கவே இல்லையா?"

"இல்ல."

"பின்ன ஏன் குடிச்சேன்னு சொன்னீங்க?"

"நீ நம்பல. டாக்டரும் நம்பல. சொன்னா முடிஞ்சிடும்னு நெனச்சேன்."

"முடிஞ்சிடும்னா? நான் ஒரு வாரம் உங்க முகத்தையே பாக்கல." என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். "நான் உங்கள சந்தேகப்பட்டேன், சரி, அது என் தப்பு. ஆனா நீங்க எங்கிட்ட பொய்ய உண்மைன்னு சொல்லி, நான் அத நம்பி, சந்தோஷப்பட்டுத் தூங்கி... என்னங்க இது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் சொன்னது சரி. நான் அவளுக்குப் பரிதாபப்பட்டுத்தான் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அவளோடு வாதாடித் தோற்றுப்போக எனக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை அவள் என் கூடவே சென்டருக்குள் வந்தாள். வேண்டாம் என்று நான் சாடை காட்டியும் கேட்கவில்லை. டெக்னீஷியன் பெண்ணை நிறுத்தி, எல்லாக் கட்டில்காரர்களும் கேட்கும்படி, கன்னடத்தில் நடந்ததையெல்லாம் சொன்னாள். என் கணவர் மேல் தப்பில்லை, அளவு ஜக் வேறு தேசத்து அளவு, நான்தான் பார்க்காமல் ஊற்றிக் கொடுத்தேன் என்றாள். அந்தப் பெண் வாய் பிளந்து கேட்டாள். பிறகு என்னிடம் வந்து, "அங்கிள், நானும் சும்னே உங்கள பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க," என்றாள். ஜன்னலோரக்காரர், "எங்க வீட்லயும் அந்த ஜக்கு இருந்தா நல்லா இருக்கும், பழிய அது மேல போடலாம்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் சிவந்துபோன முகத்தோடு நின்றாள். எனக்காக அவள் அத்தனை பேர் நடுவில் நின்ற நிலை, அந்த எடை மெஷினில் நான் நின்ற நிலையைவிட மோசமாக இருந்தது எனக்கு.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "அரைக் கிலோ அதுலதான் வந்திருக்கும்," என்றார். "ஆனா முழுசும் அதுதான்னு சொல்ல முடியாது மேடம். உப்பு இருக்கு, சாப்பாட்டுல இருக்கற தண்ணி இருக்கு. ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு மாதிரி இருக்கும்." முழுதாக விடுதலை என்று யாரும் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. வாய் கொப்பளித்த அந்தக் காலைகளைப் பற்றி எனக்கே இன்றைக்கும் நிச்சயமில்லை.

போதகரிடமும் அவளே போய்ச் சொன்னாளாம். அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே மில்லி கணக்குப் போட்ட பிளாஸ்டிக் ஜக் ஒன்று வாங்கி வந்தாள். பாத்ரூம் வாசலில் நிற்பது நின்றுவிட்டது. கேன் பழைய இடத்துக்கு, சாப்பாட்டு அறைக்கே வந்தது. என்னை நம்புகிறாள் என்று காட்டத்தான் அதை அங்கே வைத்தாள். அந்தக் கேனைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

ஏப்ரலில் ஒரு மத்தியானம், கரண்ட் இல்லை, விசிறி ஓடவில்லை. இந்த ஊரில் இப்படி ஒரு வெயில் முன்பெல்லாம் கிடையாது. என் மனைவி பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். நான் எழுந்து போய், கேனுக்குப் பக்கத்தில் கவிழ்த்திருந்த டம்ளரை எடுத்து, அரை டம்ளர் பிடித்து, நின்றபடியே குடித்தேன். தொண்டையில் இறங்குவது மார்பு வரை தெரிந்தது. இன்னும் ஒன்று பிடிக்கக் கை போனது. பிடிக்கவில்லை. டம்ளரைக் கழுவாமல் மேசையில் வைத்துவிட்டு, அவள் வரும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். காது இரண்டும் சுட்டது.

அவள் வந்து செருப்பை விட்டாள்.

"நான் தண்ணி குடிச்சிட்டேன்," என்றேன். "கேன்லேர்ந்து. அரை டம்ளர்."

அவள் என்னைப் பார்த்தாள், மேசையில் இருந்த டம்ளரைப் பார்த்தாள். இது எந்த மாதிரி 'குடிச்சேன்' என்று யோசித்திருப்பாள். கண் கலங்குமோ என்று நான் பயந்தேன். கலங்கவில்லை.

"நெஜமாவா?" என்றாள்.

"நெஜமா."

"சரி," என்றாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பிளாஸ்டிக் ஜக்கைத் திறந்து அரை டம்ளர் எடுத்து, பின்வாசல் வழியாகச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்தாள். "சாயங்காலம் காப்பி கெடையாது," என்றாள். அப்புறம் என் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையிலிருந்த செய்தித்தாளை மடித்து எங்கள் இருவருக்குமாக விசிற ஆரம்பித்தாள்.